காக்டெயிலுக்கு ஒரு துணை

பிரேசர் டவுன் பறவைக் கடையில், தனியாக இருந்த என் கொண்டைக் கிளி காக்டெயிலுக்குத் துணையாக ஒரு லவ் பேர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருதாணி பூசிய தாடியோடு, ஒரு காக்டெயில் இருந்த கூண்டும் கையுமாக நின்ற பெரியவர் குறுக்கிட்டார்.

"அது வேணாம்மா, கடிச்சு வெச்சிடும். காக்டெயிலுக்குக் காக்டெயில்தான் சரி. இத எடுத்துட்டுப் போங்க."

பேச்சுக்கு நடுவே தன் பறவையைப் பார்த்து மெல்லச் சீட்டியடித்தார்.

"இவ்ளோ ஆசையா வளர்த்துட்டு ஏன் குடுக்கறீங்க?"

"வீட்டம்மா போயிட்டாங்க. கதவு தொறந்தா இது இன்னும் அவங்களத்தான் கூப்பிடுது. கேக்க முடியலம்மா."

"உங்க நம்பர் குடுங்க, போட்டோ அனுப்பறேன்."

"வேணாம்மா. பார்த்தா திருப்பிக் கேட்டுடுவேன்."

ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டும் ஒரே கம்பில் ஒட்டி உட்காருகின்றன. அதைச் சொல்ல அந்தத் தெருவில் இன்னும் அவரைத் தேடுகிறேன். எதிரே வந்தால் சொல்வேனா, தெரியவில்லை.