ஒரே சர்வர், பதினொரு குடித்தனம்

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு வசதி உண்டு: எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நீங்கள் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது. போன் மணி கேட்டாலே எழுந்து ஓடும் சக தொழிலாளிகளே, இது உங்களுக்காக. புதுச்சேரியில் எங்கள் சின்ன ஆபீசில் இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதை உள்ளுக்குள் தடுத்து, பதினொரு வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு சர்வராகக் கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் தனி வீடு என்று நினைப்பு. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்னவோ ஒன்றுதான்.

தொட்டியைக் காலி செய்தவர்

ஒரு வியாழக்கிழமை காலை, அந்தப் பதினொருவரில் ஒருவரான மதாம் ரெஜின் போனில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர். எந்த ஆணும் அவருக்கு 'முசே'தான், பிரெஞ்சில் ஐயா. அவருடைய தங்கையின் பிரெஞ்சுக் குடியுரிமை மனுவுக்கு அப்பாவின் பிறப்புப் பதிவு வேண்டும். திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். அந்தப் பதிவு, படம் பிடித்துவைத்த பழைய பதிவேடுகளில் எங்கோ இருக்கிறது. பல ஆயிரம் பக்கங்கள், எல்லாம் மங்கிப்போனவை. அவற்றைத் தெளிவாக்கும் வேலையைச் செவ்வாயன்றே ஓடவிட்டிருந்தேன். அது இப்போது நகரவே இல்லை என்றார்.

பார்த்தால், சர்வரில் அவருக்குப் பக்கத்து வீட்டு காதர் பாய். அத்தர் வியாபாரி. பெருநாள் நெருங்குகிறதென்று இணையக் கடைக்கு பாட்டில் படங்களை மொத்தமாக ஏற்றியிருந்தார். ஒவ்வொரு படத்தையும் சுருக்க ஒரு புரோசஸ், அதாவது உள்ளே ஓடும் ஒரு வேலை, கிளம்பி, எல்லாமாகச் சேர்ந்து சர்வரையே குடித்துக்கொண்டிருந்தன. ஒரு அத்தருக்கு எதற்கு பாய் நாற்பது படம் என்று கேட்டேன்.

"மணத்தைத்தான் நெட்டுல காட்ட முடியல தம்பி, பாட்டிலையாவது சுத்திச் சுத்திக் காட்டுவோமே."

செத்தும் போகாதவை

அந்தப் புரோசஸ்களை நிறுத்தினேன். இரண்டே நொடியில் திரும்பி வந்தன. எது விழுந்தாலும் தூக்கி நிறுத்த ஒரு காவல் புரோகிராமை வைத்திருந்தேன். வைத்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அதை முதலில் நிறுத்திவிட்டு மறுபடி கொன்றேன். இப்போது செத்துவிட்டன, ஆனால் பட்டியலில் பெயர் மட்டும் அப்படியே நின்றது. எங்கள் தொழிலில் இவற்றுக்கு ஜாம்பி என்று பெயர். பெற்றெடுத்த புரோகிராம் வந்து சாவைக் குறித்துக்கொள்ளும்வரை பட்டியலை விட்டுப் போகாது. தெரிந்தும் ஆத்திரத்தில் அவற்றையே திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருந்தேன். அரியாங்குப்பத்திலிருந்து வந்து சேர்ந்த என் சகா அந்தோணி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"செத்ததை இன்னும் எத்தினி வாட்டி சார் சாவடிப்பீங்க? பெத்ததைப் போய்ப் பாருங்க."

தப்பான ஜன்னல்

பெற்றதைப் பார்த்தேன். அதாவது பாய் கடையின் புரோகிராமை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன். ஜாம்பிகள் ஒழிந்தன. ஆனால் கடை, எனக்கு நன்றி சொல்வதுபோல, முதல் பாட்டிலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று பாய் வீட்டுக்குள் மட்டும். இன்னொன்று மொத்த சர்வருக்கும். படம் சுருக்கும் புரோகிராமை, அதன் பெயரைச் சொல்லி, ஒட்டுமொத்தமாக நிறுத்தும்படி ஒரு வரி அடித்தேன். அடித்தது இரண்டாவது ஜன்னலில். மதாமின் பக்கங்களைத் தெளிவாக்குவதும் அதே பெயருள்ள புரோகிராம்தான். அந்தோணி திரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"சார், பாயோடதை அவர் கடையே திரும்ப எழுப்பிடுச்சு. மதாமோடதுதான் நின்னுபோச்சு."

கடையடைப்பு

நின்றது மட்டுமென்றால் பரவாயில்லை. நடுவில் நின்றால் அதுவரை செய்ததெல்லாம் அரைகுறை என்று அழித்துவிடும்படி அந்த வேலையை எழுதிய மேதை நான். செவ்வாயிலிருந்து ஓடியது அத்தனையும் போயிற்று. 'கரண்டு போயிடுச்சு மதாம்' என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தது, உண்மையையே சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "ஆறு வருஷமா அலையுறா முசே என் தங்கச்சி," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கணக்குப் போட்டேன். இதே நெரிசலில் ஓடினால் திங்கள் மாலை முடியும். பாய் இடம் விட்டால் ஞாயிறே முடியும். பெருநாள் வாரத்தில் ஒரு அத்தர் வியாபாரியிடம் மூன்று நாள் கடையை மூடச் சொல்ல வேண்டும். யாருக்காக, யார் தப்பால் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். மதாம் பெயரைக் கேட்டதும் பாய் சொன்னார்.

"என் மூணு பொண்ணுங்களுக்கும் பிரெஞ்சு சொல்லிக் குடுத்தவங்க அவங்க. மூடு தம்பி. மூணு நாள் லேட்டா போனா அத்தர் மணம் எங்கயும் ஓடிடாது."

ஞாயிற்றுக்கிழமை

இந்த முறை முடிந்த பக்கத்தை முடிந்தவுடனே சேமித்துவைக்கும்படி மாற்றி எழுதினேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் மதாம் நேராக ஆபீசுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படிக்க உட்கார்ந்தார். நானும் அந்தோணியும் டீ வாங்கி வைத்தோம், ஆறிப்போனது. மத்தியானம் ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. அப்பா பெயர். திரையைத் தொட்டபடியே அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தெரியவில்லை. முதல் போன் தங்கைக்கு. இரண்டாவது போனில், "காதர், கடையைத் திற," என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"மெர்சி முசே. அடுத்த வாட்டி என் வேலையை நிறுத்தறதுன்னா முன்னாடியே ஒரு போன் போடுங்க, வேணாம்னு சொல்லிடறேன்."

அன்றிலிருந்து எந்தப் புரோசஸை நிறுத்துவதற்கு முன்னாலும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எந்த ஜன்னல் என்று பார்க்கிறேன். சர்வர் சௌக்கியமாக இருக்கிறது, எனக்குத்தான் உட்கார நேரமில்லை.