அத்தான் கரப்பான் ஒழித்த விதம்

கரப்பான்பூச்சியைக்கூட என்னால் சகித்துக்கொள்ள முடியும். அதை ஒழிப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறவர்களைத்தான் முடியாது. அந்தக் கூட்டத்தில் முதல் இடம் என் அக்காவின் வீட்டுக்காரருக்கு.

அக்காவும் அத்தானும் ஸ்காட்லாந்தில் குடியேறிப் பல வருஷம் ஆகிவிட்டது. மலேசியாவில், ஜோகூரின் ஸ்கூடாயில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்து தங்கியது, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மாதத்தில். வந்து இறங்கிய அன்றே அத்தான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். சிங்க்குக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்து, மீசையை ஆட்டி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிற்று. நடந்தது அவ்வளவுதான். அத்தான் ஏதோ புலியைக் கண்டுவந்தவர் மாதிரி ஹாலுக்கு வந்து நின்றார்.

“இந்த வீட்டுல கரப்பான் இருக்கு.”

“ஜோகூர்ல யாரு வீட்டுல அத்தான் இல்ல?”

“எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. சுத்தமா வெச்சிக்கிட்டா அது ஏன் வருது?”

பனிக்குச் சேர வேண்டிய பெருமையைத் தன் விளக்குமாற்றுக்கு எழுதிக்கொள்கிற மனிதரிடம் என்ன பேசுவது? இருந்தாலும் பேசிப் பார்த்தேன். இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. அலமாரிக்குப் பின்னால் ஒட்டிவைத்த முட்டைக்கூடு எந்தப் பருவத்துக்கும் காத்திருக்காமல் பொரியும். எங்கள் தாமான் குடியிருப்புக்கு அடியில் ஓடும் லோங்காங் சாக்கடைத் தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மழை கொட்டினால் சாக்கடை நிரம்பி மேலே ஏறி வரும். மழை இல்லாவிட்டால் ஈரம் தேடி உள்ளே வரும். வருவதற்கு அதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், எங்கள் சொந்தக்காரர்களைப் போல. கடைசி வாக்கியத்தை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“இதெல்லாம் சாக்கு,” என்றார் அத்தான்.

மறுநாளிலிருந்து அவருடைய படையெடுப்பு ஆரம்பித்தது. போனில் யாரோ சொன்னதைப் பார்த்து மூலைக்கு மூலை பிரிஞ்சி இலை போட்டார். பிறகு வெள்ளரித் தோல். அது அழுகி, அதைத் தின்ன எறும்பு வந்தது. அலமாரிக்குப் பின்னால் நான் சின்னச் சின்னப் பொட்டாக வைத்திருந்த விஷப்பசையை, எவ்வளவோ சொல்லியும், அழுக்கு என்று துடைத்து எடுத்தார். அந்தப் பசை ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்துகொண்டிருந்தது. கரப்பான் அதைத் தின்றுவிட்டுக் கூட்டத்தோடு போய்ச் சேரும், அங்கே மற்றதும் சாகும். சத்தம் இல்லாத வேலை. சத்தம் இல்லாத எதுவும் அத்தானுக்கு வேலையாகத் தெரியாது. பசை இருந்த இடமெல்லாம் ஸ்ப்ரே அடித்து, வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை வரவைத்தார்.

என் கணவரோ சிங்கப்பூர் வேலைக்கு இருட்டோடு கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் வெந்து, வீடு வந்து சேருகிறவர். இந்த விஷயத்தில் அவருடைய பங்களிப்பு, “விடு லா.” அக்காவோ கரப்பானைக் கண்டால் அத்தானுக்குப் பின்னால் போய் நின்று மெல்லிசாக ஒரு கூச்சல் போடுவாள். அந்தக் கூச்சலை எங்கே கற்றாளோ, எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். எங்கள் சபையில் அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். கண்ணை மூடி ஜெபித்தாலும் யார் வீட்டு அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும். மத்தியானம் நான் வருகிறவர்களுக்குக் காரிபாப் பலகாரம் வாங்கப் போய்த் திரும்பினால், பின்சந்தில் சாக்கடை மூடியைத் தூக்கிவைத்துவிட்டு அத்தான் குனிந்து நிற்கிறார். ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஏதோ மருந்தைக் குழிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான் செய்றீங்க?”

“வேரோட அறுக்குறேன்.”

“அது வேர் இல்ல அத்தான். அது அதுங்க ஊரு.”

அவர் சிரித்துவிட்டு மூடியை இறுக்கிப் போட்டார். “மேல அடைச்சாச்சு. இனிமே எந்த வழியா வரும்?”

பதில் சாயங்காலம் கிடைத்தது.

வானம் கறுத்துக் கிடந்தது. மழை விழவில்லை, காற்றும் இல்லை. இந்த மாதிரிப் புழுக்கத்தில்தான் அவை பறக்கும். குளிர் தேசத்தில் கரப்பானுக்கு றெக்கை அலங்காரத்துக்கு. இங்கே அதை உபயோகிக்கும். ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து பாட்டு ஆரம்பித்தோம். இரண்டாம் சரணத்தில் தலைமையாசிரியை மெல்லக் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். சமையலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மருந்து குடித்த மயக்கத்தில் சில மல்லாந்து கிடந்தன. தெம்பாக இருந்தவை ஹாலுக்கு வந்தன.

அத்தான் அப்போது வேதபாடம் வாசிக்க எழுந்து நின்றிருந்தார். பெரியது ஒன்று சுவரிலிருந்து கிளம்பி, மின்விசிறியைச் சுற்றி வந்து, அவர் கழுத்தில் உட்கார்ந்தது. கையில் வேதத்தைப் பிடித்தபடி, அசையாமல், “எடு… எடு…” என்றார், காற்றாக.

அக்கா எழுந்தாள். கூச்சல் போடவில்லை. நேராகப் போய்ப் பாத்ரூம் வாசலில் கிடந்த சிலிப்பரை எடுத்துவந்து, ஓங்கி ஒரே அடி.

சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கரப்பான் செத்து அத்தானின் காலருக்குள் விழுந்தது. ஊரறிய, சபையறிய, கட்டின மனைவி கையால், பாத்ரூம் சிலிப்பரால் அடி.

“அலமாக்,” என்றார் என் கணவர்.

“ஜெபிப்போம்,” என்றார் தலைமையாசிரியை. அன்று ஜெபம் சுருக்கமாக முடிந்தது. காரிபாப்பை யாரும் தொடவில்லை.

அத்தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அக்காவும் கூட்டிப் பெருக்கினோம். சின்ன வயதில் எஸ்டேட் வீட்டில் அவள் வெறுங்காலால் கரப்பானை மிதித்துக் கொல்வாள்; நான்தான் கட்டில்மேல் ஏறி நிற்பேன். அதைச் சொன்னேன். அவள் குனிந்தபடியே, “நான் அடிச்சது கரப்பானத்தான்,” என்றாள்.

“தெரியும்க்கா.”

“அவருக்குத் தெரியல.” சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிவிட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். “அங்கயும் இப்படித்தான். நான் தொடச்ச மேசய திரும்பத் தொடைப்பாரு. நான் கழுவுன தட்ட திரும்பக் கழுவுவாரு. ஒரு வார்த்த திட்ட மாட்டாரு. தொடச்சிக்கிட்டே இருப்பாரு.”

முறத்தை நகர்த்திவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

காலையில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி குப்பை முறத்தோடு எங்கள் வாசல் கேட்டுக்கு வந்து, அதில் கிடந்த செத்த கரப்பான்களைக் காட்டினார். அந்த வரிசை முழுக்க எல்லா வீட்டுச் சமையலறையிலும் அதே கதை. விஷயம் யாரால் நடந்தது என்று தெரிந்தும் அத்தான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் தலை குனிந்து நின்றேன். மத்தியானம் அவர், வீட்டில் ஏர்கோன் குளிர் போதவில்லை என்று சொல்லி டவுனில் ஒரு ஹோட்டலுக்குப் போனார். அக்கா போகவில்லை.

மிச்ச நாட்களில் நாங்கள் இருவரும் உருப்படியான வேலை செய்தோம். சிங்க்குக்கு அடியில் ஒழுகிய குழாயை மாற்றினோம். தரை ஓட்டைக்கு நெருக்கமான சல்லடை மூடி போட்டு, அடியில் இருக்கும் குழாய் வளைவு வறண்டுபோகாமல் தண்ணீர் ஊற்றிவந்தோம். பசையைத் திரும்பப் பொட்டுப் பொட்டாக வைத்தோம். ஸ்ப்ரே பக்கமே போகவில்லை. கரப்பான் குறைந்தது. ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். இந்த வெயிலில் அப்படிச் சொல்கிறவரை நான் நம்பவும் மாட்டேன்.

பிறகு இருவரும் ஒன்றாகத்தான் விமானம் ஏறினார்கள். அங்கே நண்பர்களிடம், மச்சினி வீட்டுக் கரப்பானை ஒழித்துக் கொடுத்துவிட்டு வந்ததாக அத்தான் சொல்கிறாராம். அக்கா போனில் சொன்னாள். நீ மறுத்துப் பேசவில்லையா என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள். “டிசம்பர்ல நான் வர்றேன். தனியா.”

“மழைக்காலம்க்கா. எல்லாம் மேல ஏறி வரும்.”

“வரட்டுமே.”