ராணிக்கு ஒரு தோள்

எட்டாம் வகுப்போடு நின்றுபோன நான் நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஒரு தையல் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டது. கோட்டையைக் காக்கும் ராணியின் சரித்திர நாடகம். ராணிக்கு ஜரிகை வைத்த நீள அங்கி வேண்டும் என்று மானேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மிஷன் பள்ளியில் ஜரிகை வேலை கற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் தைத்ததெல்லாம் ரவிக்கையும் உள்பாவாடையும்தான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் என் தையல் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரே துண்டு வெல்வெட்டும்மா. பழைய திரையில இருந்து எடுத்தது. தப்பா வெட்டிட்டா வேற கிடையாது," என்றார் மானேஜர்.

ராணியாக நடிப்பவர் ஆண். ஆண் உடம்பில் அளவு நாடா வைப்பது எங்கள் வீட்டில் ஆகாது. எனக்கும் கை வராது. அளவுக்குக் கொடுத்த ரவிக்கையோ மூன்று நடிகர்கள் மாறி மாறிப் போட்டு நைந்தது; அதில் யார் அளவும் நிற்கவில்லை.

அரக்கோணம் ரயில்வே காலனியில், ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு ஆங்கிலோ-இந்திய அம்மாளிடம் துணி மாட்டிப் பார்க்கும் தையல் பொம்மைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்காள் புருஷனான பாவாவை அழைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

தலையும் கையும் இல்லாமல் இரண்டு பொம்மைகள் நின்றன. ஒன்று பிடிக்குள் அடங்கும் இடுப்போடு பெண். மற்றது கோட்டு தைப்பதற்கான ஆண்.

"ஒண்ணுதான் உனக்கு. இன்னொண்ணுக்கு ஆள் வருது. சீக்கிரம் சொல்லு," என்றாள் அந்த அம்மாள்.

பெண் பொம்மையைத் தொட்டேன். ஆணிடம் போனேன். மறுபடி பெண்ணிடம் வந்தேன்.

"இன்னா, பொண்ணு பாக்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?" என்றார் பாவா.

"ராணிக்குத்தானே பாவா..."

"ராணின்னா பொம்பள பொம்மைய எடுத்துகினு வா. ரயிலு போயிடப்போவுது."

வாசலுக்குப் போய் வெயிலில் நின்றேன். அந்த நடிகர் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர் இறைப்பதை ஒருமுறை பார்த்து, உடனே தலையைக் குனிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. அகலமான தோள். வெல்வெட்டின் கனமெல்லாம் தோளில்தான் தொங்கும். மாரையும் இடுப்பையும் துணி சுற்றிப் பெரிதாக்கலாம். தோளை என்ன செய்வது? உள்ளே போய் ஆண் பொம்மையைக் காட்டினேன். பாவா தலையில் அடித்துக்கொண்டார்.

பெண்கள் பெட்டியில் அதை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆம்பளைய ஏத்திகினு வந்துட்டியேம்மா, கார்டு பாத்தா எறக்கி வுட்ருவான்," என்றாள் ஒரு பூக்காரி. பெட்டியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணையே எடுத்திருக்கலாமோ என்று வீடு வரும்வரை மனசு அரித்தது. மாமியார் பொம்மையைப் பார்த்ததும் அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினார்.

மாருக்கும் இடுப்புக்கும் எவ்வளவு துணி சுற்றுவது? கேட்காமல் கத்தரி வைக்க முடியாது. சாயங்காலம் கொட்டகை வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். நடிகர் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, அங்கிக்கு உள்ள... எவ்ளோ வெப்பீங்க?"

அவர் சிரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டு துணி உருண்டைகளையும் நாடா வைத்த இடுப்புத் திண்டையும் எடுத்து நீட்டினார்.

"இத்த பொம்மைக்குக் கட்டித் தைங்கம்மா. மேடையிலதான் நான் பொம்பள. தோளு எப்பவும் என்னுதுதான். அத்த மட்டும் இறுக்கிடாதீங்க, கத்தி தூக்கணும்."

மறுநாள் காலை அவற்றைப் பொம்மைக்குக் கட்டி, வெல்வெட்டை வெட்டினேன். வலது தோளில் கொஞ்சம் தளர விட்டேன். துணி போதுமானதாக இருந்தது.