பிரவீன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த வருடம்

1. மேசையில்

பிரவீன் என் சிகிச்சை மேசையில் மல்லாந்து படுத்திருந்தான். அவனுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே என் கைமுட்டியை வைத்து, "இறுக்கு" என்றேன். பதினேழு வயது ஆட்டக்காரன் இறுக்கினால் என் விரல்கள் நோகவேண்டும். இவன் இறுக்கியது என் கைக்குத் தெரியவே இல்லை. அவன் முகத்தில்தான் தெரிந்தது.

பிசியோதெரபி முடித்து வேலைக்கு வருகிற பிள்ளைகள், இத்தனை வருடத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்த கேஸ் எது என்று என்னிடம் கேட்பார்கள். கழுத்து முறிந்தவர், பக்கவாதம் வந்தவர் என்று எதையாவது எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது இந்தக் கேஸைத்தான்.

அப்போது எனக்கு டாண்டினோங்கில் கிளினிக். வார இறுதிகளில் தென்கிழக்கு வட்டாரத்தின் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஃபூட்டி அணிக்கு, அதாவது இந்த நாட்டு முட்டைப்பந்து ஆட்டத்து அணிக்கு, நான்தான் பிசியோ. இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பள்ளிக்கூடத்தையும் காலேஜ் என்பார்கள். பிரவீனை ஒரு பெரிய தனியார் காலேஜ் அவனுடைய ஓட்டத்துக்காகவே ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுத்திருந்தது. சனிக்கிழமை காலேஜுக்கு ஆடுவான், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு. நடுவில் இரண்டு இடத்திலும் டிரெய்னிங். வளர்ந்து முடியாத உடம்பு இதைத் தாங்காது. இடுப்பெலும்பு முன்பக்கம் சேரும் இடத்தில் புண்ணாகி வீங்கிவிடும். ஆட்டக்காரர்கள் அதை ஓ.பி. என்பார்கள். அதற்கு ஒரே மருந்து நீண்ட ஓய்வு.

"ஒரு வருஷம் விடு" என்றேன்.

"ஏலாது, அங்கிள். நான் டிராஃப்டுக்குப் பேர் குடுக்கப் போறன்."

தொழில்முறைக் கிளப்புகள் வருடத்துக்கு ஒருமுறை வரிசை வைத்து, பெயர் கூப்பிட்டு, இளம் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். பதினேழு வயதிலேயே பெயர் கொடுக்கலாம். அடுத்த வருடம்வரை பொறுக்கவும் செய்யலாம். பொறுத்தால் பரீட்சையை நிம்மதியாக எழுதலாம், உடம்பும் தேறும். அவனுடைய காலேஜ் ஆசிரியர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

2. நோபல் பார்க் வீட்டில்

நாட்டின் மறுகோடியில் இருக்கும் பேர்த்திலிருந்து ஒரு கிளப்பின் ஆள்தேடுபவர் பிரவீனின் வீட்டுக்கு வந்தார். கிரெக் என்று பெயர். பிரவீனின் அப்பா செல்வராசா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். இங்கிலீஷ் நன்றாகவே பேசுவார். ஆனாலும் அன்றைக்கு ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். மகனின் ஒவ்வொரு மேட்சுக்கும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நின்றே ஃபூட்டியைக் கற்றுக்கொண்டவர் அவர்.

கிரெக் சுற்றிவளைக்கவில்லை. இந்த வருடம் பெயர் கொடுத்தால் எடுப்போம், அடுத்த வருடம் எங்களுக்கு யார் தேவைப்படுவார்கள் என்று எனக்கே தெரியாது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பிரவீனின் அம்மா வசந்தி கேட்டார்:

"பேர்த்தில ஆரோட இருப்பான்? சாப்பாடு ஆர் குடுப்பினம்?"

ஒரு நல்ல குடும்பத்தோடு தங்கவைப்போம் என்றார் கிரெக். வசந்தி தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

கிரெக் போனபிறகு செல்வராசா முடிவாகச் சொன்னார். "அடுத்த வருஷம் பாப்பம். முதல் சோதினையை எழுது."

"அப்பா, நெக்ஸ்ட் இயர் என்னட்டக் காட்ட ஒண்டும் இருக்காது" என்றான் பிரவீன்.

"ஏன்?"

"காலமையில சொக்ஸ் போடேலாமல் இருக்கு. கட்டில்ல படுத்துக்கொண்டுதான் போடுறன். இப்ப எடுத்தால் அவங்கட டொக்டர்மார் பாப்பினம். ரெண்டு வருஷ கொன்ட்ராக்ட் தருவினம். வெளியில நிண்டால் என்னை ஆர் பாக்கிறது?"

அதுவரை அவன் ஆசையால் அவசரப்படுகிறான் என்று நினைத்திருந்தேன். அவன் பயத்தால் அவசரப்பட்டான். தன் உடம்பு முடிந்துபோவதற்குள் யாராவது தன்னைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தான். வசந்தி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். செல்வராசா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

3. டாக்டரின் அழைப்பு

பெயர் கொடுத்தவனுடைய பிசியோவிடம் கிளப் டாக்டர் நேரடியாக விசாரிக்கலாம். அதற்குப் பையனும் பெற்றோரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டார்கள். அடுத்த நாள் செல்வராசா வேலை உடுப்போடு கிளினிக்குக்கு வந்தார்.

"அண்ணை, பொய் சொல்லச் சொல்லேல்ல. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. அது காணும்."

"அவங்கள் கேக்கப்போறதே இதைத்தான், செல்வராசா."

"எங்கட தமிழ்ப் பெடியன் ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறானோ?"

"இல்லை."

"அப்ப?"

கேட்டால் உள்ளதைத்தான் சொல்லவேண்டும், என்னால் வேறு விதமாகச் செய்ய முடியாது என்றேன். அவர் உட்கார்ந்திருந்த கதிரையை ஒழுங்காக மேசையோடு தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

பிரவீனிடமும் முன்கூட்டியே சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"ஐ நோ, அங்கிள். சைன் பண்ணாட்டி எடுக்கமாட்டாங்கள். சைன் பண்ணினாலும் எடுக்கமாட்டாங்கள்." கணக்கு ஒன்றுக்கு விடை கண்டுபிடித்தவன்போல் சிரித்தான்.

கிளப் டாக்டர் ஒரு மத்தியானம் அழைத்தார். நல்ல மனிதர். எவ்வளவு நாளாக வலி, ஸ்கேன் என்ன சொல்கிறது, எப்போது ஓடலாம் என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னேன். சரியான ஓய்வு கொடுத்தால் முழுமையாகக் குணமாகும், இவன் நல்ல ஆட்டக்காரன் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "தேங்க்ஸ், மேட்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கிரெக் அந்த வீட்டுக்குப் போன் எடுக்கவே இல்லை.

4. டிராஃப்ட் நாள்

ஆனால் கிளப்புகள் பல. வேறு யாராவது எடுப்பார்கள் என்று செல்வராசா நம்பினார். என்னை அவர் கூப்பிடவில்லை. பிரவீன் கூப்பிட்டான், போனேன்.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மேசையில் ரோல்ஸும் பற்றீஸும். வசந்தி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு பிரவீன் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பேர்த் கிளப்பின் முறை வரும்போதெல்லாம் வீடு அமைதியாகும். எங்கள் அணியிலிருந்து ஒரு செம்பட்டைத் தலைப் பையனைக் கூப்பிட்டார்கள். பிரவீன் கைதட்டினான். உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் தட்டினான்.

கடைசிப் பெயரும் வந்து, ரேடியோ குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒரு அங்கிள், "மிச்சப் பெடியங்களை எடுக்க இன்னும் ரூக்கி டிராஃப்ட் எண்டு ஒண்டு இருக்குதல்லோ" என்றார்.

"சாப்பிடுங்கோ, எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று செல்வராசா தட்டுகளை நீட்டிக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் நின்றபடியே தின்றுவிட்டு, மெல்ல மெல்ல வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

நான் புறப்படும்போது செல்வராசா கதவைத் திறந்து பிடித்தார். எந்த விருந்தாளியையும் "போட்டு வாங்கோ" என்று, போய்த் திரும்பி வரச் சொல்லி அனுப்புகிறவர்.

"போங்கோ" என்றார்.

5. அடுத்த வருடம்

பரீட்சையில் அவன் நினைத்த படிப்புக்குப் புள்ளி போதவில்லை. அந்தக் கோடை முழுவதும் அவன் என்னிடம் வந்தான். மெதுவாக நடை, பிறகு தண்ணீருக்குள் ஓட்டம், பிறகு புல்வெளி. நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அது. குளிர்காலத்தில் ஆட்டப் பருவம் தொடங்கியபோது வலி துளியும் இல்லாமல் முந்தியைவிட வேகமாக ஓடினான். அப்படி ஒரு உதையை எங்கள் அணியில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஆட்டம் பார்க்க வந்த ஆள்தேடுபவர்கள் அவனைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார்கள், அடுத்த பையனைப் பார்த்தார்கள். நானே கிரெக்குக்குப் போன் எடுத்தேன். பிரவீன் முழுக்கக் குணமாகிவிட்டான் என்றேன். "ஓ, அந்த இடுப்பு நோக்காட்டுப் பையனா?" என்றார். அவருக்குப் பெயர் மறந்துவிட்டது.

இரண்டாவது டிராஃப்டுக்கும் பெயர் கொடுத்தான். அந்த டிராஃப்ட் நாளில் வீட்டில் யாரும் கூடவில்லை. அவன் வேலைக்குப் போயிருந்தான். இந்த முறையும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. ஒரு படிப்பில் சேர்ந்தான், விட்டான். இன்னொன்றில் சேர்ந்தான், அதையும் விட்டான். கிரான்பர்னில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். ஒரு கோடவுனில் ஷிஃப்ட் வேலை. கல்யாண வீடு, பிறந்தநாள் எதற்கும் வருவதில்லை. நான் விட்ட மெசேஜ்களுக்குப் பதில் இல்லை.

2009இல் அணி வேலையை விட்டேன். அந்த வருடம்தான் டாண்டினோங் சந்தையில் வசந்தியைப் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றார். மகனைப் பற்றி விசாரித்தேன்.

"கிழமைக்கு ஒருக்கா சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறன். கதவடியில வாங்குவான். உள்ள வா எண்டு சொல்லமாட்டான்."

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்து, அன்றைக்கு அந்த உடம்போடு பேர்த்துக்குப் போயிருந்தால் பிள்ளை உடைந்திருப்பான் என்றேன்.

வசந்தி என்னைக் கோபமில்லாமல் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது பிழை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல. ஆனா இப்ப என்ன, உடையாமலோ இருக்கிறான்?"

மீன்காரர் பையை நீட்டினார். வசந்தி அதை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டாக்டர் போன் எடுத்துக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொன்னதையே இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அது யாரையாவது காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு சொல்லாதீர்கள். நானும் அப்படி நம்பித்தான் சொன்னேன். சொல்லவேண்டியது உங்கள் வேலை, அதனால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.