கழுத்து வெளியே தெரியும் கிழங்கு

இலுப்பூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கருணைக்கிழங்கு போட்ட குடும்பம் உடையப்பனுடையது. கிழங்கை வெயில் பார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல், மன்னர் மாளிகைத் தோட்டத்தில் அவர் தண்ணீர் ஊற்றிய வேலை போயிற்று. ஏழு வருஷம் கழித்து, புதுக்கோட்டையில் இன்ஜினீயர் ஆத்மநாதன் குடியிருந்த சர்க்கார் பங்களாவில் தற்காலிகத் தோட்டக்காரர் ஆனார்.

தை மாதம் ஆத்மநாதன் ஆறு பூச்செடிக் கிழங்குகளைக் கொடுத்தார். பெரிய வெங்காயம் போல இருந்தன.

"பெங்களூர்ச் சரக்கு, உடையப்பா. ரெண்டு ஜாதியைக் கலந்து உண்டாக்குனது. செடி ஒரு சாண்தான், பூ கையகலம். இதைக் குடுத்த பெரிய இன்ஜினீயர் பங்குனிக் கடைசியில வாராரு. பூத்தா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவருகிட்டயே கேட்குறேன்."

உடையப்பன் நான்கு விரல் ஆழத்தில் புதைத்தார். ஒரு மாதமாகியும் முளை இல்லை. பயத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் விட்டார். பயம் கைக்கு வேலை கொடுக்கும், புத்திக்குக் கொடுப்பதில்லை.

மனைவி அழகி அடுப்படிக் கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து நீட்டினாள். பச்சை முளை விட்டிருந்தது.

"இதுக்கு எந்த மகராசன் குழி வெட்டுனான்? நீங்க பூச்செடி நட்டீங்களா, பொணத்தைப் பொதைச்சீங்களா?"

உடையப்பன் ஓடிப்போய்த் தோண்டினார். ஐந்து அழுகிக் கூழாகியிருந்தன. ஆறாவதில் வெள்ளையாக ஒரு நுனி. அதை, முளை கிளம்பும் கழுத்து வெளியே தெரியும்படி நட்டார்.

"பெருச்சாளி தின்னுருச்சுன்னு சொல்லிருங்க. அதுவா வந்து இல்லைங்கப் போகுது?" என்றாள் அழகி.

பங்குனிக் கடைசியில், சாண் உயரத் தண்டில் சிவப்பாக இரண்டு பூ. பெரிய இன்ஜினீயர் குனிந்து பார்த்தார்.

"மத்த அஞ்சும் எங்கப்பா?"

பெருச்சாளி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த முறை கிழங்கு வந்தால் மறுபடி யாராவது ஆழப் புதைப்பார்களே.

"நான்தாங்க கொன்னுட்டேன். கருணைக்கிழங்குன்னு நெனச்சு ஆழமாப் பொதைச்சுட்டேன். இது கழுத்து வெளிய இருக்கணுங்க." எதுவரை என்று விரல் வைத்துக் காட்டினார்.

பெரிய இன்ஜினீயர் பாராட்டவில்லை, திட்டவுமில்லை. "இன்னும் ஆறு அனுப்புறேன். இவரே நடட்டும்" என்று மட்டும் ஆத்மநாதனிடம் சொன்னார்.

ஆனி மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. 1967-இல் ஓய்வு பெறும்வரை, உடையப்பன் தினமும் காலையில் ஒவ்வொரு கிழங்கின் கழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வாளியை எடுத்தார்.