பாப்கார்ன் விக்கிறவங்க சினிமாவுக்குப் போனா

எங்க வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில ரெண்டே ரெண்டு கொள்கைதான். ஒண்ணு, ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடியே வாடகை பேசிடணும். இன்னொண்ணு, நாம விக்கிற பொருளை அடுத்தவங்ககிட்ட காசு குடுத்து வாங்கக் கூடாது. முதல் கொள்கையால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ரெண்டாவதுதான் கல்யாணமான நாள்லேர்ந்து என் வாயைக் கட்டிப் போட்டிருந்துச்சு. ஏன்னா நாங்க விக்கிறது பாப்கார்ன்.

விக்கிறோம்னா தினமும் இல்ல. எங்க ஊரு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. மத்த நாள்ல அவருக்கு நிலத்துல வேர்க்கடலை வேலை. நான் வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருக்கிற ஒரு ஜெராக்ஸ் கடையில உக்காந்து ஊர் ஜனத்தோட மனுவையெல்லாம் டைப் அடிக்கிறேன். பௌர்ணமி வந்துச்சுன்னா மட்டும் மெஷினை வாசல்ல இழுத்துப் போட்டு கடை. நான் கல்யாணமாகி வந்தப்ப இரும்புச் சட்டி இருந்துச்சு. இப்ப கண்ணாடி வச்ச மெஷின், உள்ள ஒரு குண்டு பல்பு. எண்ணெய், உப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள், அவ்ளோதான் எங்க ரகசியம்.

முதல் ஈடு பொரிஞ்சதும் ஒரு கைப்பிடி எடுத்து, பேப்பர்ல வச்சு, மலையைப் பார்த்து வைப்பாரு. அது சாமிக்கு. அடுத்தது போணி. அதுக்கப்புறம் ஜனம் நடந்து வரவர நான் பொட்டலம் கட்டிக் குடுத்துக்கிட்டே இருப்பேன். கொசுறு கேக்காத ஆளே கிடையாது, அவங்களுக்கு மேல ரெண்டு விரல் அள்ளிப் போடுவேன். கடையை மூடுறப்ப என் தலைமுடி பூரா எண்ணெய் வாசனை. காலு ரெண்டும் என்னுது மாதிரியே இருக்காது. அப்ப எனக்குன்னு மிஞ்சுறது மெஷினடியில கருகினதும், பொரியாம வாயே திறக்காத சோள முத்தும்தான்.

சினிமாவுக்குப் போறப்பவும் இதே கதைதான். பௌர்ணமி முடிஞ்ச வாரமா பார்த்து கூட்டிட்டுப் போவாரு. மிஞ்சின பாப்கார்னை ஒரு பிளாஸ்டிக் கவர்ல கட்டி என் கைப்பைக்குள்ள திணிப்பாரு. இடைவேளையில எல்லாரும் வாசனையா சூடா டப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உள்ள வருவாங்க. நாங்க ரெண்டு பேரும் இருட்டுல கவரு சரசரக்காம நமுத்துப் போனதைத் தின்னுக்கிட்டிருப்போம். அப்படி இப்படி ரெண்டு தடவை கேட்டேன். "நம்மகிட்ட இல்லாததா அவன்கிட்ட இருக்குது?"ன்னு முடிச்சுட்டாரு.

எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. வைரமூக்குத்தி கேக்கலை, சிங்கப்பூர் கேக்கலை. யாரோ பொரிச்சு, சுடச்சுட என் கையில குடுத்து, நான் உக்காந்துக்கிட்டு சாப்பிடணும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. இதைப் போய் ஒரு ஆசைன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல.

இந்த வருஷம் எங்க கல்யாண நாளுக்கு, வேலூர்ல காலேஜ் படிக்கிற மக போன்லயே ரெண்டு டிக்கெட் போட்டு அனுப்பிட்டா. டவுன்ல பழைய தியேட்டர் ஒண்ணை இடிச்சுப் பூசி, ஏசி போட்டு, சாய்ஞ்சுக்கிற சீட்டெல்லாம் வச்சிருந்தாங்க. மத்தியான ஷோ. நான் அன்னிக்கு லீவு போட்டுட்டு, புடவை மடிப்பை எடுத்துக்கிட்டே சொல்லிட்டேன்.

"இதோ பாருங்க. இன்னிக்கு உள்ள வாங்கித்தான் சாப்பிடுவேன். டப்பாவுல. சூடா. நீங்கதான் வாங்கித் தரணும். இல்லன்னா நான் வரல, நீங்களே போய் ரெண்டு சீட்லயும் உக்காந்துக்கோங்க."

அவரு திரும்பி மலையைப் பார்த்தாரு. எங்க ஊர்ல பதில் இல்லாதவங்க எல்லாரும் மலையைத்தான் பார்ப்பாங்க. அப்புறம், "சரி சரி, கிளம்பு"ன்னாரு. அவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டப்பவே நான் உஷாராயிருக்கணும்.

தியேட்டர் வாசல்ல யூனிபார்ம் போட்ட ஒரு பொண்ணு எல்லார் பையையும் திறந்து பார்த்துக்கிட்டிருந்தா. நான் தைரியமா பையை நீட்டினேன். மடியில கனமில்லாதவ மாதிரி நின்னேன். அவ கையை விட்டு குடையை எடுத்தா, தண்ணி பாட்டிலை எடுத்தா, அதுக்குக் கீழேர்ந்து ஒரு கவரை எடுத்தா. மஞ்சளா, குண்டா, வாய்ல நாலு முடிச்சு. அந்த முடிச்சு யாருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். மாட்டைக் கட்டுற முடிச்சு அது. திரும்பிப் பார்க்கிறேன், முடிச்சு போட்ட ஆளு சுவத்துல ஒட்டியிருந்த போஸ்டரை கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்காரு.

"வெளியில வாங்கினதை உள்ள எடுத்துட்டுப் போக முடியாதுக்கா"ன்னா அந்தப் பொண்ணு. எனக்கு அங்கியே பூமி பிளந்து உள்ள போயிடலாம்போல இருந்துச்சு. பின்னாடி நின்னவங்க எல்லாம் எட்டிப் பார்க்கிறாங்க. அவ கவரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, என் மூஞ்சியைப் பார்த்து, மறுபடியும் கவரைப் பார்த்தா.

"அக்கா, அடி அண்ணாமலையில பச்சை கேட் போட்ட வீடு நீங்கதானே? போன பௌர்ணமிக்குக் கூட உங்ககிட்ட ரெண்டு பொட்டலம் வாங்கினேனே!"

அதுவரைக்கும் போஸ்டர்லயே கண்ணா இருந்த மனுஷன் சட்டுனு திரும்பினாரு. "நாங்கதாம்மா, நாங்களேதான்"னு முன்னாடி வந்தாரு. புகழ்ச்சின்னா எங்க இருந்தாலும் அவரு காதுல விழுந்துடும். அந்தக் குஷியில, "அப்ப அதை உள்ள வுட்டுடும்மா"ன்னு கேட்டாரு. அவ மசியலை. "ரூல்ஸுண்ணா. படம் வுட்டதும் வந்து வாங்கிக்கோங்க"ன்னு கவரை மேஜையோரமா வச்சுட்டா.

படம் ஆரம்பிச்சுது. நான் திரையிலேர்ந்து கண்ணை எடுக்கலை.

"இன்னா, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பின்ன இன்னா?"

"படத்தைப் பாருங்க."

ரெண்டு நிமிஷம் கூட தாங்கலை எனக்கு. பாட்டு ஓடிக்கிட்டிருந்தப்ப அவரு காதுகிட்ட போய்க் கொட்டிட்டேன். "ஊருக்கே பொட்டலம் கட்டிக் குடுக்கிறேன். நின்னுக்கிட்டே குடுக்கிறேன். எனக்குன்னு ஒரு நாளாவது ஒரு பொட்டலம் குடுத்திருக்கீங்களா? நான் கேட்டது பாப்கார்னுன்னு நினைச்சுக்கிட்டீங்களா நீங்க?" காதுகிட்டன்னுதான் நினைச்சேன். முன் சீட்டுல இருந்தவரு திரும்பி, "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா"ன்னாரு.

இடைவேளை விட்டதும் எங்க வீட்டுக்காரரு எழுந்து போனாரு. பாத்ரூமுக்குன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு நானும் வெளியில வந்து பார்த்தா, பாப்கார்ன் வரிசையில நிக்கிறாரு மனுஷன்! வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மேல தொங்குற விலைப் பலகையைப் பார்த்து உதடு முணுமுணுக்க. அந்த விலைக்கு எத்தனை கிலோ சோளம் வரும்னு கணக்குப் போட்டிருப்பாரு. நான் ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். இந்தக் காட்சியை விட்டுட்டு எங்க போறது?

இவருக்கு முன்னாடி ஒரு பையன் பெரிய டப்பா வாங்கிட்டு அப்படியே திரும்பி நீட்டினான். இவருக்கு இல்ல. இவருக்குப் பக்கவாட்டுல அவன் பொண்டாட்டி நின்னுக்கிட்டிருந்தா, அவளுக்கு. ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வரிசையில நிக்கிறப்ப எவனாவது திங்கிறதை நீட்டினா, அது அன்னதானம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பொங்கலும் புளிசாதமும் வாங்கி வாங்கி கை தானா பழகிப் போயிருக்கு. மூளையைக் கேக்காது.

இவரு மடிச்சுக் கட்டின வேட்டியை அவசர அவசரமா இறக்கி விட்டாரு. ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினாரு. அந்தப் பையன் ஒரு நொடி முழிச்சான். பெரியவரு கை ஏந்தி நிக்கிறாரு, பாவம் அவன் இன்னா பண்ணுவான்? டப்பாவைச் சாய்ச்சு ஒரு கை நிறைய கொட்டினான். இவரு கண்ணுல ஒத்தி, வாய்ல போட்டுக்கிட்டு, "நல்லா இரு தம்பி"ன்னு வாழ்த்திட்டு, அன்னதானம் வாங்கின கையோட வரிசையை விட்டே நகர்ந்து வந்துட்டாரு.

நாலு அடி வந்தப்புறம்தான் எங்க இருக்கோம்னு புரிஞ்சிருக்கு. நின்னுட்டாரு. வரிசையில இருந்தவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. நான் தூணுக்குப் பின்னாடி முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், வயிறு வலிக்குது. அடுத்தவங்க பாப்கார்னைத் தொட மாட்டேன்னு இருந்த மகானுபாவரு கை ஏந்தி வாங்கித் தின்னுட்டு, ஆசீர்வாதம் வேற பண்ணிட்டு வந்து நிக்கிறாரு!

அவரு மானஸ்தரு. நேரா சீட்டுக்கு ஓடி வந்துடுவாருன்னுதான் நினைச்சேன். அப்படி வந்திருந்தா நான் மன்னிச்சிருப்பேன், மறந்திருக்க மாட்டேன். ஆனா அவரு ஒரு தடவை தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, மறுபடியும் போய் வரிசையில கடைசி ஆளா நின்னாரு. அந்தச் சிரிப்புக்கு நடுவுலயே நின்னாரு. எனக்குச் சிரிப்பு எங்கியோ போயிடுச்சு. அவரு பார்க்கிறதுக்குள்ள ஓடி வந்து சீட்டுல உக்காந்துக்கிட்டேன்.

படம் மறுபடியும் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. இருட்டுல நாலு பேரு காலை மிதிச்சு, நாலு பேருகிட்ட மன்னிப்பு கேட்டு வந்து சேர்ந்தாரு. "இந்தா"ன்னு டப்பாவை என் ரெண்டு கையிலயும் வச்சாரு. சூடாத்தான் இருந்துச்சு.

"கொசுறு கேட்டேன். அவங்க கம்ப்யூட்டர்ல அது இல்லையாம்"னாரு.

நான் சாப்பிட்டேன். சத்தியமா சொல்றேன், அது நம்ம சரக்கோட கால் தூசிக்குக் காணாது. வெண்ணெய் வாசனைதான் ஜாஸ்தி, ருசி கம்மி. ஆனா ஒண்ணு விடலை. அவரு படத்தைப் பார்க்காம என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. "எப்படி இருக்குது?"ன்னாரு. "அருமையா இருக்கு"ன்னேன். அவரு ஒண்ணை எடுத்து ரொம்ப நேரம் மென்னாரு. "உப்பு பத்தலை"ன்னாரு. "உங்களை யாரு சாப்பிடச் சொன்னது?"ன்னு டப்பாவை இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டேன். எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. திரையில காமெடி ஓடிக்கிட்டிருந்துச்சு, தியேட்டரே சிரிச்சிக்கிட்டிருந்துச்சு, நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கிட்டு பாப்கார்ன் தின்னேன்.

படம் விட்டு வர்றப்ப கவரை வாங்கலாம்னு மேஜைகிட்ட போனோம். நாலு முடிச்சும் அவிழ்ந்திருந்துச்சு. பை செக் பண்ணின பொண்ணும், பாப்கார்ன் கவுண்டர்ல நின்ன பொண்ணும் ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு அடியில கையை விட்டுத் துழாவிக்கிட்டிருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழிச்சாங்க.

"மன்னிச்சுக்கோங்கக்கா. ஒண்ணே ஒண்ணு எடுக்கலாம்னுதான் பிரிச்சேன்"னா செக்கிங் பொண்ணு.

கவுண்டர் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா. "நாள் பூரா பொரிக்கிறதை மோந்து மோந்து, எங்களுது எனக்குத் தொண்டையில இறங்காதுக்கா. வேற யாரோ பொரிச்சதுன்னா எவ்ளோ நல்லா இருக்குது!"

கோவப்படணும்னுதான் வாயைத் திறந்தேன். அவ தலைமுடியிலேர்ந்தும் அதே எண்ணெய் வாசனை வந்துச்சு. மேஜைக்கு முன்னாடி ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு, அதை அவ பக்கமா நகர்த்தினேன். "உக்காந்து சாப்பிடும்மா, நின்னுக்கிட்டு திங்காத"ன்னேன். எங்க வீட்டுக்காரரு என்னைப் பார்த்தாரு, அந்த நாற்காலியைப் பார்த்தாரு. அப்புறம் வண்டியை எடுத்தவரு, டவுன்லேர்ந்து வீடு வர்றவரைக்கும் "பார்த்தியா, தியேட்டர்காரங்களே நம்ம சரக்கைத் திங்கிறாங்க"ன்னு ஓயாம சொல்லிக்கிட்டே வந்தாரு. வீட்டு வாசல்ல இறங்கினதும், அந்தப் பொண்ணுங்க திருப்பிக் குடுத்த கவர்ல மிஞ்சியிருந்த வாய் திறக்காத முத்தையெல்லாம் அவரு சட்டைப் பையில கொட்டினேன். "கொசுறு, வச்சுக்கோங்க"ன்னேன்.

அடுத்த பௌர்ணமி வந்துச்சு. மத்தியானம் மூணு மணி. மெஷினை வாசல்ல இழுத்துப் போட்டாரு. கூடவே வீட்டுக்குள்ளேர்ந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல போட்டாரு.

"இது யாருக்கு?"ன்னேன்.

"உக்காரு."

முதல் ஈடு பொரிஞ்சுது. ஒரு கைப்பிடி எடுத்து மலையைப் பார்த்து வச்சாரு. அடுத்ததா ஒரு பொட்டலத்தை நிரப்பினாரு. மேல ரெண்டு விரல் கொசுறும் அள்ளிப் போட்டாரு. அதுக்குள்ள கிரிவலம் வந்த ரெண்டு பேரு கடைகிட்ட நின்னு, "அண்ணா, ரெண்டு பொட்டலம்"னு கையை நீட்டினாங்க. போணி ஆகுற நேரம்.

"இருங்க சாமி. உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க நிக்கிறாங்க"ன்னு சொல்லிட்டு அவரு என் பக்கம் திரும்பினாரு.

நான் ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கிட்டேன். கண்ணுல ஒத்திக்கலை, அவ்ளோ மரியாதையெல்லாம் அவருக்கு ஜாஸ்தி. ஆனா ஒண்ணு மட்டும் அந்த சாமிங்ககிட்ட சொல்லணும்போல இருந்துச்சு. நான் எங்க நின்னேன்? உக்காந்துல்ல இருந்தேன்.