எல்லோரும் என்னைப் போலவே பேசினார்கள்

சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே எனக்கு அந்த வேலை வெறுத்துவிட்டது. போன் போட்டுப் பேசினால் போதும், எதிரே இயந்திரமே கேட்டுப் புரிந்துகொண்டு பிரசவத்துக்கு வண்டி அனுப்பிவிடும் என்று ஓர் ஏற்பாடு. சமவெளிக்காரர்கள் பேசினால் அதற்குப் புரிந்தது. மலைக்காரர்கள் பேசினால் "மீண்டும் சொல்லுங்கள்" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத் துண்டித்துவிடும். ஒரே சொல்லை மலையில் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் என்று பதிவுசெய்து அதற்குப் பழக்க வேண்டும். அதற்காகத்தான் ஜீப்பில் இடிபட்டு மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

சாமைக்குக் களையெடுப்பதை விட்டுவிட்டு ஓர் அக்கா தினமும் வந்து பேசினார். அவர் மகளுக்கு எட்டாம் மாதம்.

"எங்க பேச்சு அதுக்குப் புரியணும் மேடம். எம்பொண்ணுக்கு வலி வந்தா நான்தான் போன் பண்ணணும். வூட்ல வேற யாரு கீறாங்க?" என்றார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. பதிவுசெய்ய வேண்டிய வரிகளை அலுவலகத்தில் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; நான் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். ஒரு தடங்கலும் இருக்காது. எனக்கும் சீக்கிரம் வேலை முடிந்தது. அலுத்துப்போனவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

திருப்பத்தூர் அறையில் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டபோதுதான் உறைத்தது. அவர் பேச்சே அதில் இல்லை. நான் 'வீடு' என்றால் அவரும் 'வீடு' என்றிருந்தார். வரி முடிவில் நான் சலிப்போடு குரலை இறக்கிய இடத்தில் அவரும் இறக்கியிருந்தார். மற்ற பெண்களும் அப்படியே. அந்தப் பதிவுகளைப் போட்டுச் சோதித்ததில் இயந்திரம் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டு வேறு. புரியாமல் என்ன செய்யும்? அது கேட்டதெல்லாம் என் பேச்சைத்தானே.

மறுநாள் அந்த அக்காவிடமே கேட்டேன். "ஏன்க்கா, உங்க மாதிரி பேசல? இப்படியே போனா அதுக்கு என் பேச்சு மட்டும்தான் புரியும்."

"தேடி வந்தவங்க ஒண்ணு சொல்ல, நாங்க வேற மாதிரி சொன்னா, நீங்க சொன்னது தப்புன்னு சொல்ற மாதிரி ஆவாதா மேடம்?"

எனக்குக் கோபம் வந்தது, முழுக்க என்மேல். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தாளே இல்லாமல் முதலிலிருந்து பதிவுசெய்கிறேன் என்று மேலதிகாரிக்குப் போன் செய்தேன். சோதனையில் தேறிவிட்டதை எதற்கு அழிக்க வேண்டும் என்றார். வாதாட எனக்குத் தெம்பில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மைக்கையும் மற்றதையும் எடுத்துவரக் கடைசியாகப் போனபோது, அந்த அக்கா மகளை எதிரே உட்காரவைத்துப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"நான் காட்டுக்குப் போயிருந்தா நீயேதான் பேசணும். வூடுன்னு சொல்லாத, வீடுன்னு சொல்லு. மேடம் மாதிரி பேசுனாதான் வண்டி வரும்."

மகள் வயிற்றைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வலி தாங்காம கத்தும்போதுகூட உங்க மாதிரியே பேசணுமா மேடம்?"

நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.